ஐம்பது வயது செஸ்னாவைப் புதுப்பித்தல்

அமெரிக்காவின் சின்ன ஊர்களிலும் விமான நிலையம் இருக்கும். ஓடுபாதைக்குப் பக்கத்தில் வரிசையாகத் தகரக் கொட்டகைகள். அவற்றில் நிற்கும் தனியார் விமானங்களில் அடிக்கடி கண்ணில் படும் உருவம் ஒன்று உண்டு: நான்கு இருக்கை, மூக்கில் ஒரே என்ஜின், தலைக்கு மேலே இறக்கை, அதைத் தாங்கும் சாய்ந்த கம்பம். செஸ்னா 172. முதல் 172 பறந்தது 1955 ஜூனில். இதுவரை 44,000க்கும் மேல் செய்திருக்கிறார்கள். உலகில் வேறெந்த விமானமும் இந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை. அவற்றில் பெரும்பகுதி 1986க்கு முன்னால் தொழிற்சாலையை விட்டு வந்தவை.

1978ல் அமெரிக்க நிறுவனங்கள் 17,811 சிறு விமானங்களை விற்றன. 1994ல் விற்றது 928. எண்ணெய் விலை, வட்டி என்று பல காரணங்கள் இருந்தாலும், தயாரிப்பாளர்களின் கழுத்தைப் பிடித்தது இழப்பீட்டு வழக்குகள்தான். முப்பது வருடம் முன்பு விற்ற விமானம் இன்று விழுந்தாலும் செய்தவர்மேல் வழக்குப் போடலாம் என்ற நிலை. செஸ்னா 1986ல் தன் சிறு விமானங்களின் உற்பத்தியையே நிறுத்திவிட்டது. பதினெட்டு வருடம் தாண்டிய விமானத்துக்காகத் தயாரிப்பாளர்மேல் வழக்குப் போட முடியாது என்று 1994ல் சட்டம் வந்த பிறகு, 1996ல் மறுபடி தொடங்கியது. இன்று புதிய 172 ஒன்றின் விலை நான்கு லட்சம் டாலருக்கு மேல். சொந்தமாகப் பறக்க நினைக்கும் ஆசிரியருக்கோ விவசாயிக்கோ மிஞ்சும் வழி ஒன்றுதான். 1974லோ 1975லோ வந்த ஒன்றை வாங்கிப் புதுப்பிக்க வேண்டும்.

பழைய காரைப் புதுப்பிப்பவர் கடையில் கிடைக்கும் எந்த ஆணியையும் போடலாம். விமானத்தில் முடியாது. ஒவ்வொரு மாடலுக்கும் எஃப்.ஏ.ஏ. என்ற அமெரிக்க விமானத் துறை ஆணையம் ஒரு வகைச் சான்றிதழ் தருகிறது. என்ஜின் எது, புரொப்பெல்லர் எது, எடை எவ்வளவு என்பதெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். அதிலிருந்து பெரிதாக விலக வேண்டுமானால், அந்த மாற்றத்தைச் சோதித்து அனுமதி வாங்கிய துணைச் சான்றிதழ் வேண்டும். ஒரு மாடலில் அபாயமான குறை தெரியவந்தால் எஃப்.ஏ.ஏ. கட்டாய உத்தரவு போடும். அதை நிறைவேற்றாத விமானம் பறக்கக் கூடாது. வருடத்துக்கு ஒரு முறை, தனி அதிகாரம் பெற்ற மெக்கானிக் முழு விமானத்தையும் திறந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும். இவையெல்லாம் பதிவாகும் லாக்புக்குகள் தொலைந்தால் விமானத்தின் விலையே சரிந்துவிடும். வாங்குபவர் விமானத்தைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன் பல மணி நேரம் அந்த நோட்டுகளைப் புரட்டுவது இதனால்தான்.

நோட்டுக்குப் பிறகு உலோகம். 172இன் உடல் அலுமினியத் தகடு. பல இடங்களில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமன். 2024 என்ற எண்ணால் அழைக்கப்படும் அந்தக் கலவையில் நான்கு சதவீதத்துக்குச் சற்று அதிகமாகச் செம்பு கலந்திருக்கிறது. வலிமையைத் தருவது அந்தச் செம்பு. அரிப்புக்கு இடம் கொடுப்பதும் அதுவே. ஈரம் பட்டால் செம்பு செறிந்த துகள்களுக்கும் சுற்றியுள்ள அலுமினியத்துக்கும் இடையே நுண்ணிய மின்கலங்கள் உருவாகி, உலோகமணிகளின் ஓரங்களைத் தின்னத் தொடங்கும். இதைத் தடுக்கத் தகட்டின் இரு பக்கமும் தூய அலுமினியத்தை மெல்லிய தோலாக ஒட்டியிருப்பார்கள். அது தான் கரைந்து உள்ளிருப்பதைக் காக்கும். கீறல், ரிவெட் ஓட்டை, வெட்டிய ஓரம் ஆகிய இடங்களில் அந்தத் தோல் கிடையாது. உட்புறத்துக்கு அரிப்புத் தடுப்புப் பூச்சு என்பது அந்தக் காலத்தில் தனியாகக் காசு கொடுத்தால் மட்டுமே கிடைத்த வசதி. பல செஸ்னாக்களின் உள்தகடுகள் வெறும் மேனியாகவே ஐம்பது வருடம் கழித்திருக்கின்றன.

எனவே புதுப்பிக்கும் வேலை இருக்கைகளையும் தரைவிரிப்பையும் கழற்றுவதில் தொடங்குகிறது. சத்தம் அடங்குவதற்காகச் சுவரில் ஒட்டிய பஞ்சு ஈரத்தை உறிஞ்சிப் பிடித்து வைத்திருக்கும்; அதை உரித்தால் கீழே வெள்ளைப் பொடி பூத்திருக்கும். பேட்டரிப் பெட்டியைச் சுற்றி அமிலம் கசிந்த தடம் இருக்கும். வாலுக்குள்ளும் இறக்கைக்குள்ளும் எலி கூடு கட்டியிருக்கும். அதன் சிறுநீர் தகட்டைச் சல்லடையாக்கும் என்பதை மெக்கானிக்குகள் அனைவரும் அறிவார்கள். வெளியே பெயின்ட்டுக்கு அடியில் புழு ஊர்ந்தது போன்ற கோடுகள் தெரிந்தால் அதுவும் அரிப்புதான். மேலோட்டமானதைச் சுரண்டி, வேதிப்பூச்சுக் கொடுத்து, ப்ரைமர் அடிக்கலாம். ஆழமானதற்குத் தகட்டையே மாற்ற வேண்டும். கடைசியில் எல்லாக் குழிகளுக்குள்ளும் அரிப்பைத் தடுக்கும் எண்ணெயைப் புகையாக ஊதிவிடுகிறார்கள். அடுத்த சில மாதங்களுக்கு ரிவெட் வரிசைகளில் எண்ணெய் கசிந்துகொண்டே இருக்கும். பார்க்க அழகாக இராது. ஆனால் மொத்தப் புதுப்பித்தலிலும் கொடுத்த காசுக்கு இவ்வளவு பலன் தரும் வேலை வேறு அதிகமில்லை.

உலோகத்துக்கு இன்னொரு நோயும் உண்டு: களைப்பு. கம்பியை இப்படியும் அப்படியுமாக வளைத்து ஒடிப்பது போல, சிறிய விசையும் திரும்பத் திரும்ப வந்தால் விரிசல் பிறக்கும். எஃகுக்கு ஒரு வரம்பு உண்டு. அதற்குக் கீழே எத்தனை கோடி முறை வளைத்தாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான வரம்பு இல்லை. ஒவ்வொரு காற்றுக் குலுக்கலும், தரையில் தட்டி இறங்கும் ஒவ்வொரு முறையும் கணக்கில் ஏறிக்கொண்டே போகும். 2018 ஏப்ரலில் ஃப்ளோரிடாவின் டேடோனா பீச்சில் விமானப் பயிற்சிப் பல்கலைக்கழகம் ஒன்றின் பைப்பர் ஆரோ விமானத்தின் இடது இறக்கை மேலேறும்போதே பிய்ந்து விழுந்து, இருவர் இறந்தார்கள். இறக்கையின் முதுகெலும்பான ஸ்பாரின் கீழ்ப்பகுதியில், போல்ட் ஓட்டை ஒன்றிலிருந்து களைப்பு விரிசல் வளர்ந்திருந்தது. அந்த விமானம் 2007ல் செய்தது, வயது பதினொன்றுதான். ஆனால் பயிற்சி விமானமாக 7,000 மணி நேரத்துக்கு மேல் பறந்து, நாள் முழுக்க ஏறி இறங்கியது. இதன் பிறகு அந்தக் குடும்பத்து பைப்பர்களில் அதிகம் உழைத்தவற்றின் போல்ட்டுகளைக் கழற்றிச் சுழல்மின்னோட்டச் சோதனை செய்ய உத்தரவு வந்தது. சிறிய கம்பிச்சுருளை ஓட்டைக்குள் விட்டு மாறுமின்சாரம் செலுத்தினால் சுற்றியுள்ள உலோகத்தில் சுழல் மின்னோட்டம் பிறக்கும். விரிசல் குறுக்கே இருந்தால் அந்த ஓட்டம் தடைபட்டு, கருவியின் முள் துள்ளும். கண்ணுக்குத் தெரியாத விரிசலும் இதில் அகப்படும்.

ஆக, பிறந்த வருடத்தை மட்டும் கேட்பதால் ஒன்றும் தெரியாது. எவ்வளவு பறந்தது, எப்படிப் பறந்தது, எவ்வளவு காலம் சும்மா கிடந்தது என்பதைக் கேட்க வேண்டும். கடைசிக் கேள்வியின் கனம் என்ஜினில்தான் முழுதாகப் புரியும்.

1970களின் நடுவில் வந்த 172இல் இருப்பது லைகோமிங் ஓ-320. நான்கு சிலிண்டர், காற்றால் குளிர்வது, 150 குதிரைத்திறன். 2,000 மணி நேரம் அல்லது 12 வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது முழு ஓவர்ஹால் செய்யுங்கள் என்று தயாரிப்பாளர் பரிந்துரைக்கிறார். வாடகைக்கு ஓட்டாத சொந்தக்காரரை இந்தப் பரிந்துரை சட்டப்படி கட்டுப்படுத்தாது. பெரும்பாலான தனியார் விமானங்கள் வருடத்துக்குச் சில பத்து மணி நேரமே பறப்பதால், 2,000 மணி வருவதற்கு வெகு முன்பே 12 வருடம் கடந்துவிடும். முப்பதாயிரம் டாலருக்கு மேல் விழுங்கும் ஓவர்ஹாலை நாட்காட்டியைப் பார்த்துச் செய்வதா, என்ஜினைப் பார்த்துச் செய்வதா? இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நல்ல அறிவியல் வரலாறு இருக்கிறது.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் கடலோரப் பிரிவுக்கு ஆலோசனை சொல்லப் போனவர்களில் கான்ராட் வாடிங்டன் ஒருவர். அவர் பொறியாளர் அல்ல. உயிரியலாளர், கரு வளர்ச்சியை ஆராய்ந்தவர். நீர்மூழ்கிகளைத் தேடும் குண்டுவிமானங்கள் எந்நேரமும் பழுதாகி நின்றன. ஒவ்வொரு 50 மணி நேரத்துக்கும் பெரிய பராமரிப்பு நடந்தது. எதிர்பாராத பழுதுகள் எப்போது வருகின்றன என்று வாடிங்டன் வரைபடம் போட்டார். பராமரிப்பு முடிந்ததும் பழுது குறைந்து, அடுத்த பராமரிப்பு நெருங்க நெருங்க ஏற வேண்டும் என்பதே எல்லாருடைய எதிர்பார்ப்பும். வரைபடம் தலைகீழாக வந்தது. பராமரிப்பு முடிந்த உடனே பழுதுகள் குவிந்தன. பறக்கப் பறக்கக் குறைந்தன. நன்றாக ஓடிக்கொண்டிருந்ததைக் கழற்றி மாட்டியதே பழுதுக்குக் காரணமாக இருந்தது. இடைவெளியை நீட்டித்ததும் விமானங்கள் அதிக நேரம் பறந்தன.

1978ல் யுனைடெட் ஏர்லைன்ஸின் ஸ்டான்லி நவ்லானும் ஹோவர்ட் ஹீப்பும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்குக் கொடுத்த அறிக்கை இதையே பயணிகள் விமானங்களின் உறுப்புகளில் அளந்து காட்டியது. வயது ஏற ஏறப் பழுதாகும் வாய்ப்பும் கூடிய உறுப்புகள் 11 சதவீதம் மட்டுமே. மீதி 89 சதவீதத்துக்கு, இத்தனை மணிக்கு மாற்று என்று வரம்பு வைப்பதால் பயனில்லை. அதைவிட முக்கியமானது, 68 சதவீத உறுப்புகள் புதிதாகப் பொருத்திய காலத்தில்தான் அதிகம் பழுதாயின. இன்றைய விமானப் பராமரிப்புக் கோட்பாடே இந்த அறிக்கையின் மேல் நிற்கிறது.

பழைய செஸ்னாவின் சொந்தக்காரருக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் சங்கடமானது. அவர் பெருமையோடு மாற்றும் ஒவ்வொரு புதுப் பொருளும் ஒரு புது ஆபத்தின் தொடக்கமும்கூட. எல்லாவற்றையும் ஒரே குளிர்காலத்தில் கழற்றிப் போட்டு, வசந்தத்தில் புது என்ஜின், புது மின்னணுத் திரைகள், புது வயர்களுடன் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கிளம்புவது இருப்பதிலேயே மோசமான வழி. ஒன்றை மாற்று, பறந்து பார், பிறகு அடுத்ததைத் தொடு என்பதே என் கட்சி. கொட்டகை வாடகையும் மெக்கானிக் கூலியும் கூடும்தான். கூடட்டும்.

என்ஜினைக் கழற்றாமல் உள்ளே பார்க்க வழிகள் உண்டு. ஸ்பார்க் பிளக் ஓட்டை வழியே போரோஸ்கோப் கேமராவை விட்டால் எக்ஸாஸ்ட் வால்வின் முகம் தெரியும். வட்டமாக, நடுவில் செம்மையும் ஓரத்தை நோக்கி வெளிறுவதுமாக ஒரே சீராக இருந்தால் வால்வு நலம். ஒரு பக்க விளிம்பில் மட்டும் நிறம் மாறியிருந்தால் அந்த இடத்தில் வால்வு சரியாக உட்காரவில்லை, சூடான வாயு கசிகிறது, இன்னும் சிறிது காலத்தில் எரிந்துவிடும் என்று அர்த்தம். எண்ணெய் மாற்றும்போது ஃபில்டரைக் குப்பையில் போடுவதில்லை. அதன் உறையை வெட்டித் திறந்து, உள்ளிருக்கும் மடிப்புக் காகிதத்தை நீளமாக விரித்து, வெளிச்சத்தில் தேடுவார்கள். மினுக்கும் துகள் காந்தத்தில் ஒட்டினால் எஃகு.

அந்த எஃகு வரும் இடம் பெரும்பாலும் வால்வுகளை அசைக்கும் கேம்ஷாஃப்ட். லைகோமிங்கில் அது கிராங்க்ஷாஃப்ட்டுக்கு மேலே அமைந்திருக்கிறது. என்ஜின் நின்றதும் எண்ணெய் வழிந்து கீழே போய்விட, வாரக்கணக்கில் கேம் வறண்டு கிடக்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் பிறக்கிறது. அதில் ஒரு பங்கு பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எண்ணெய்க்குள் நுழையும். என்ஜின் நன்கு சூடாகி ஒரு மணி நேரம் பறந்தால் அது ஆவியாகிப் போகும். தரையிலேயே பத்து நிமிடம் ஓட்டி நிறுத்தினால் உள்ளேயே தங்கி, கேமின் முகத்தில் துருவாகும். துருக்குழியின் மேல் டேப்பெட் உரச உரச இரண்டும் தேய்ந்துபோகும். பறக்கத்தான் நேரமில்லை, ஸ்டார்ட்டாவது செய்து வைப்போம் என்று அன்போடு ஓட்டிவிடுபவர் என்ஜினுக்குக் கெடுதல் செய்கிறார்.

ஓய்வில்லாத என்ஜின் என்ன செய்யும் என்பதற்கும் 172லேயே சான்று உண்டு. 1958 டிசம்பர் 4 அன்று ராபர்ட் டிம், ஜான் குக் என்ற இருவர் லாஸ் வேகஸில் ஒரு 172இல் ஏறினார்கள். இறங்கியது 1959 பிப்ரவரி 7. 64 நாள், 22 மணி, 19 நிமிடம் தரையில் நிற்கவில்லை. சாலையில் ஓடும் லாரிக்கு மேலே தாழப் பறந்து, குழாயை மேலிழுத்து எரிபொருள் நிரப்பிக்கொண்டார்கள். அதில் இருந்த காண்டினென்டல் என்ஜின் 1,500 மணி நேரத்துக்கு மேல் நிற்காமல் ஓடியது. அந்த விமானம் இன்றும் லாஸ் வேகஸ் விமான நிலையத்தில் கூரையிலிருந்து தொங்குகிறது.

சக்தியைக் கூட்டும் ஆசையும் வரும். பழைய 150 குதிரைத்திறன் என்ஜினில் அழுத்த விகிதம் 7:1. பிஸ்டன்களை மாற்றி 8.5:1 ஆக்கினால் 160 கிடைக்கும்; அதற்கான துணைச் சான்றிதழ்கள் உள்ளன. ஆனால் குறைந்த அழுத்தத்துக்கு ஒரு வரம் இருக்கிறது. அந்த என்ஜின் சாதாரணக் கார் பெட்ரோலிலேயே ஓடும். அதற்கும் 1980கள் தொட்டுச் சான்றிதழ் உண்டு. இன்றும் சிறு விமானங்களுக்குப் பொதுவாகக் கிடைக்கும் 100 எல்.எல். எரிபொருளில் லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் இருக்கலாம். கார்களிலிருந்து பல பத்தாண்டுகளுக்கு முன்பே போன ஈயம் இது. அமெரிக்காவில் 2030 முடிவுக்குள் இதை ஒழிக்க இலக்கு வைத்திருக்கிறார்கள். குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் நஞ்சு இல்லாமல் பறக்கக்கூடிய என்ஜினை, பத்துக் குதிரைத்திறனுக்காக அந்த வரத்தை இழக்கச் செய்வதற்கு முன் நன்றாக யோசிக்க வேண்டும்.

கருவிப் பலகைதான் புதுப்பித்தலில் எல்லாருக்கும் பிடித்த பகுதி. பழைய 172இல் விமானம் சாய்ந்திருக்கிறதா, நேராக இருக்கிறதா என்று காட்டும் கருவி ஒரு சுழலும் கைரோ. என்ஜினில் மாட்டிய வெற்றிடப் பம்பு காற்றை இழுக்க, அந்தக் காற்று சக்கரத்தைச் சுழற்றும். பம்பின் இதழ்கள் கார்பனால் ஆனவை. தம்மையே தேய்த்து அந்தப் பொடியால் வழுக்கிக்கொள்பவை. ஒரு நாள் முன்னறிவிப்பின்றி நொறுங்கும். கைரோ உடனே நின்றாலாவது தெரிந்துவிடும். அது மெல்ல வேகம் குறைந்து, மெல்லச் சாய்ந்து பொய் சொல்லும். மேகத்துக்குள் அடிவானம் தெரியாத விமானி அந்தப் பொய்யைப் பின்தொடர்ந்தால் சுழன்று விழ வேண்டியதுதான். இன்றைய மின்னணுக் கருவிக்குள் சுழல்வது எதுவுமில்லை. அரிசிமணி அளவுகூட இல்லாத சிலிக்கான் அமைப்பு அதிர்ந்துகொண்டிருக்கும். விமானம் திரும்பினால் கொரியோலிஸ் விசை அந்த அதிர்வைப் பக்கவாட்டில் தள்ளும். அந்தத் தள்ளலை மின்சாரமாக அளக்கிறார்கள். நம் கைப்பேசியில் இருப்பதும் இந்த வகைதான். வீட்டில் செய்த விமானங்களில் வெகுநாளாக இருந்த இவை, எஃப்.ஏ.ஏ. 2016ல் வழிவிட்ட பிறகே கார்மின் ஜி5 போன்ற வடிவில் சான்று பெற்ற பழைய விமானங்களுக்கு வந்தன. 2020 ஜனவரி 1 முதல் பரபரப்பான வான்பகுதிகளில் தன் இருப்பிடத்தைத் தானே ஒலிபரப்பும் கருவியும் கட்டாயமானது.

பலகையைத் திறந்தால் பின்னால் ஐம்பது வருட வயர்க் காடு. எப்போதோ கழற்றிய ரேடியோவின் வயர்கள் வெட்டிய நுனிகளோடு தொங்கும். பழைய பி.வி.சி. உறை வெடித்துக் கிடக்கும். எரிந்தால் நச்சுப் புகை. இவற்றோடு பம்பையும் குழாய்களையும் எடுத்தால் சில கிலோ குறையும், விமானத்தின் ஈர்ப்பு மையமும் நகரும். ஆகவே மூன்று சக்கரங்களையும் மூன்று தராசுகளில் ஏற்றிப் புதிதாக எடை பார்ப்பது நல்லது.

திரைகளுக்கு முன் வேறொன்றுக்குக் காசு ஒதுக்கச் சொல்வேன். 1978 ஜூலை 18க்கு முன் செய்த விமானங்களில் முன்னிருக்கைக்குத் தோள்பட்டி கட்டாயமில்லை. பலவற்றில் இடுப்புப்பட்டி மட்டுமே. மெதுவாக மோதினாலும் தலை பலகையில் போய் இடிக்கும். தோள்பட்டி போடுவதற்கு ஆகும் செலவு திரையின் விலையில் சிறு பங்கு. இருக்கைத் தண்டவாளமும் அப்படித்தான். செஸ்னாவின் இருக்கை, தண்டவாள ஓட்டையில் முளை விழுந்து நிற்பது. ஓட்டை தேய்ந்திருந்தால் ஓடுபாதையை விட்டு எழும் கணத்தில் இருக்கை பின்னால் வழுக்கும். விமானி பிடிமானத்துக்குக் கையிலிருக்கும் சுக்கானையே இழுப்பார். மூக்கு செங்குத்தாக எழும். இதனால் உயிர்கள் போன பிறகு, 1987ல் ஓட்டைகளை அளந்து பார்க்கக் கட்டாய உத்தரவு வந்தது.

பெயின்ட் வெறும் அழகு என்று நினைப்போம். இறக்கையின் பின்விளிம்பில் கீல்போட்டுத் தொங்கும் எய்லரானுக்குக் கீலின் பின்னால்தான் பரப்பு அதிகம். அங்கே பெயின்ட் சேர்ந்தால் அது பின்கனம் ஆகும். இறக்கை காற்றில் சற்று மேலே வளைந்தால் பின்கனமான எய்லரான் பின்தங்கிக் கீழே தொங்கும். அது தூக்குவிசையைக் கூட்டி இறக்கையை இன்னும் மேலே தள்ளும். திரும்பி வரும்போது இதே கதை எதிர்த்திசையில். ஒவ்வொரு சுற்றிலும் காற்றிலிருந்து ஆற்றலை வாங்கி அதிர்வு பெருத்து, சில நொடிகளில் இறக்கையைப் பிய்த்துவிடும். இதற்காகவே எய்லரானின் முன்விளிம்புக்குள் எடைக்கட்டி வைத்திருக்கிறார்கள். பெயின்ட் அடித்த பின் எய்லரானைக் கழற்றி, கத்திமுனை போன்ற தாங்கியில் கீலை வைத்து, எந்தப் பக்கம் எவ்வளவு சாய்கிறது என்று அளந்து, தயாரிப்பாளர் சொன்ன வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய பெயின்ட்டைச் சுரண்டாமல் மேலேயே புதிதாக அடித்துத் தரும் மலிவு வேலை எங்கே கொண்டுபோய் விடும் என்பது இப்போது தெரிந்திருக்கும்.

பறக்கும் தன்மையை மாற்றக்கூடிய வேலை நடந்திருந்தால், ஒரு விமானி பயணி யாருமில்லாமல் பறந்து பார்த்து லாக்புக்கில் எழுதும்வரை எவரையும் ஏற்றக் கூடாது என்பது அமெரிக்க விதி. அந்த முதல் பறப்புக்கு முன் செய்ய வேண்டிய ஒரு சோதனைக்குக் கருவியே வேண்டாம். கேபிள்களைக் கழற்றி மாட்டும்போது எய்லரான்கள் தலைகீழாக இணைக்கப்பட்டு, அப்படியே எழும்பி விழுந்த விமானங்கள் உண்டு. சுக்கானை இரு கைகளாலும் பிடித்துக் கட்டைவிரல்களை மேலே நீட்ட வேண்டும். இடது பக்கம் திருப்பினால் விரல்கள் இடப்பக்கம் சாயும். அவை காட்டும் இறக்கையில் எய்லரான் மேலே எழுந்திருக்க வேண்டும். வலது பக்கமும் அப்படியே. மேலும் கீழும் அசைகிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, எந்தப் பக்கம் எது அசைகிறது என்று பார்க்க வேண்டும். புது சிலிண்டர் போட்டிருந்தால் தரையில் அதிக நேரம் ஓட்டாமல் எழும்பி, விமான நிலையத்தின் மேலேயே முக்கால் பங்குக்குக் குறையாத சக்தியில் ஒரு மணி நேரம் வட்டமிடுவார்கள். அந்த அழுத்தத்தில்தான் பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரோடு பொருந்தும். பொருந்தியதும் சிலிண்டர்த் தலையின் வெப்பம் இறங்கி ஒரு நிலையில் நிற்கும். அதைக் கண்ட பிறகு இறங்கி, மூடியைத் திறந்து, கசிவு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கிறார்கள்.